சிறைவாசியின் வாக்கு: பறிப்பது தீர்ப்பா, பூட்டா?



மறைந்தவரின் பெருமையைப் பேசிவிட்டுக் கலைந்துபோவது நம் அரங்கின் வழக்கம் அல்ல. அவர் விட்டுச்சென்ற வேலைகளில் ஒன்றைக் கையில் எடுத்துப் பேசுவோம். இந்த ஆண்டு நாம் எடுத்துக்கொண்டிருப்பது சிறையில் இருப்பவர்களின் வாக்குரிமை. "குற்றவாளிக்கு எதற்கு ஓட்டு?" என்ற கேள்வி மேல்தட்டு மக்களிடமிருந்து மட்டும் வருவதில்லை. நம் சேரிகளிலும் அது கேட்கப்படுகிறது. ஆகவே அதற்கு நேராகப் பதில் சொல்வோம்.

முதலில் சட்டம். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5)ஆம் பிரிவு, சிறையில் அடைக்கப்பட்டவரும் போலீஸ் காவலில் இருப்பவரும் வாக்களிக்கக் கூடாது என்கிறது. அவர் தண்டனை பெற்றவரா, விசாரணைக் கைதியா என்று அது பார்ப்பதில்லை. பூட்டு விழுந்திருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது. இதன் விளைவு என்ன? கொலை வழக்கில் தண்டனை பெற்று, மேல்முறையீடு செய்து ஜாமீனில் வெளியே வந்தவர் வாக்குச்சாவடிக்குப் போய் விரலில் மை வைத்துக்கொள்ளலாம். சைக்கிள் திருடியதாகப் பிடிக்கப்பட்டு, ஜாமீன் உத்தரவு கிடைத்த பிறகும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளே கிடப்பவருக்கு வாக்கு இல்லை. முன்னவர்மீது குற்றம் நிரூபிக்கப்பட்டுவிட்டது. பின்னவர்மீது எதுவும் நிரூபிக்கப்படவில்லை. ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை என்பதுதான் அவருடைய குறை.

இப்படி உள்ளே கிடப்பவர்கள் யார்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது நான்கில் மூன்று பங்கு. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் முஸ்லிம்களும் மக்கள்தொகையில் தமக்குள்ள பங்கைவிட அதிகமாக அங்கே இருக்கிறார்கள். ஆகவே 62(5) பற்றிப் பேசுவது நம்மைப் பற்றிப் பேசுவதுதான்.

இந்தப் பிரிவை எதிர்த்த அனுகூல் சந்திர பிரதான் வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. சிறையில் இருப்பவர் தன் நடத்தையால் அங்கே போனவர், கைதிகளை வாக்களிக்க வைக்கக் கூடுதல் போலீசும் ஏற்பாடுகளும் தேவைப்படும், குற்றப் பின்னணி உள்ளவர்களைத் தேர்தல் களத்திலிருந்து விலக்கி வைக்க வேண்டும் என்பவை அது சொன்ன காரணங்கள்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். விசாரணைக் கைதியின் நடத்தை என்ன என்று எந்த நீதிமன்றமும் இன்னும் தீர்மானிக்கவில்லை. ஏற்பாடு செய்ய முடியாது என்பதும் நிற்காத வாதம். குண்டர் சட்டம் போன்ற தடுப்புக் காவல் சட்டங்களில் அடைக்கப்பட்டவருக்கு இதே 62(5) விலக்குத் தருகிறது. அவர் தபால் வாக்குப் போடலாம். ஒரே சிறையில் ஒருவருக்குப் போய்ச் சேரும் வாக்குச்சீட்டு அடுத்தவருக்குப் போய்ச் சேராதா? 2024 மக்களவைத் தேர்தலில் 85 வயதைக் கடந்தோரின் வீடு தேடிப் போனது தேர்தல் ஆணையம். வீடு வீடாகப் போக முடிகிறவர்களால் சிறைச்சாலைக்குப் போக முடியாதா? கடைசிக் காரணத்தை நாடாளுமன்றமே கவிழ்த்துவிட்டது. சிறையில் இருப்பவர் போட்டியிட முடியாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, போட்டியிடலாம் என்று அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். 2024இல் திகார் சிறையில் இருந்தபடியே ரஷீத் பாராமுல்லா தொகுதியில் வென்றார். உள்ளே இருப்பவர் வேட்பாளர் ஆகலாம், வாக்காளர் ஆகக் கூடாது என்றால், சட்டம் யாருக்கு அஞ்சுகிறது?

வாக்கு நமக்குத் தானாக வந்ததல்ல. சொத்தும் வரியும் படிப்பும் உள்ளவருக்கே வாக்கு என்றிருந்த காலத்தில், 1919இல் சவுத்பரோ குழு முன் தீண்டப்படாதோரின் வாக்குரிமைக்காக வாதாடினார் அம்பேத்கர். 1928இல் சைமன் குழு முன் வயது வந்த அனைவருக்கும் வாக்கு கேட்டார். அரசமைப்பின் 326ஆம் பிரிவு அதை உறுதி செய்தது. சொத்து என்ற தகுதியை முன்வாசலில் துரத்தினோம். ஜாமீன் என்ற பெயரில் அது பின்வாசல் வழியாக வந்திருக்கிறது.

அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கும் இந்தக் கதை தெரியும். 1972இல் தலித் பாந்தர்கள் அவர்களுடைய இயக்கத்தின் பெயரைத்தான் தமக்குச் சூட்டிக்கொண்டார்கள். மிசிசிப்பி மாநிலம் 1890இல் எழுதிய அரசமைப்பில், வாக்கைப் பறிக்கும் குற்றங்களுக்குப் பட்டியல் போட்டார்கள். திருட்டு அதில் இருந்தது, கொலை இல்லை. கறுப்பர்கள் எந்தக் குற்றங்களைச் செய்வார்கள் என்று வெள்ளையர்கள் நினைத்தார்களோ, அவற்றைப் பொறுக்கி எடுத்துப் போட்ட பட்டியல் அது. கொலை 1968இல்தான் சேர்க்கப்பட்டது. புளோரிடாவில் தண்டனையை முடித்தவர்களுக்கு வாக்கைத் திருப்பித் தர மக்களே 2018இல் வாக்களித்தார்கள். அபராதமும் கட்டணமும் பாக்கியில்லாமல் கட்டியிருக்க வேண்டும் என்று அடுத்த ஆண்டே சட்டம் போட்டது அங்குள்ள சட்டமன்றம். அங்கே அபராதப் பாக்கி, இங்கே ஜாமீன்.

வாக்கில்லாதவரைத் தேடி எந்த வேட்பாளரும் வருவதில்லை. சிறைக்குள் யார் கூட்டுவது, யார் சமைப்பது என்பதைச் சாதி பார்த்துப் பிரித்த சிறை விதிகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 அக்டோபரில். குடியரசாகி எழுபது ஆண்டுகளுக்கு மேல் அந்த விதிகள் எந்தச் சட்டமன்றத்தின் கண்ணையும் உறுத்தவில்லை.

இனி, நம் ஆட்களே கேட்கும் கடினமான கேள்வி. மேலவளவில் கொன்றவர்களுக்கும் வாக்கா? பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டு வென்றதற்காகவே 1997 ஜூன் 30 அன்று முருகேசனும் உடனிருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 17 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர்களில் 13 பேரைத் தமிழக அரசு 2019 நவம்பரில் முன்கூட்டியே விடுவித்தது. அன்று வந்த கோபம் நமக்கு இன்னும் ஆறவில்லை, ஆற வேண்டியதும் இல்லை. ஆனால் 62(5) அங்கே என்ன செய்தது? கதவு திறந்த அன்றே அவர்களுடைய வாக்கு திரும்பிவிட்டது. நமக்கு எந்தப் பாதுகாப்பும் தராத பிரிவு அது. அதைக் காப்பாற்றுவதால் நமக்கு ஆவதென்ன?

வேறொரு வழி அதே சட்டத்தில் இருக்கிறது. தேர்தலில் லஞ்சம் கொடுத்தது போன்ற குற்றங்கள் நிரூபிக்கப்பட்டால் 11ஏ பிரிவு ஆறு ஆண்டுகளுக்கு வாக்கைப் பறிக்கிறது. அங்கே விசாரணை உண்டு, தீர்ப்பு உண்டு, கால அளவும் உண்டு. பட்டியல் சாதியினர் வாக்களிப்பதையோ போட்டியிடுவதையோ தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் குற்றத்தையும், தேர்தலுக்காகச் செய்யப்படும் கொலையையும் 11ஏ பிரிவில் சேர்க்கச் சொல்வோம். பிறர் வாக்கை அழித்தவர் தம் வாக்கை இழக்கட்டும். மற்றத் தண்டனைக் கைதிகளுக்குச் சிறைவாசமே தண்டனை. குடியுரிமையையும் சேர்த்துக் கழற்ற வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவின் அரசமைப்பு நீதிமன்றம் 1999இலேயே கைதிகள் வாக்களிக்க ஏற்பாடு செய்யும்படி ஆணையிட்டது. அதனால் அந்த நாட்டின் ஜனநாயகம் கவிழ்ந்துவிடவில்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. விசாரணைக் கைதிகள் அனைவருக்கும் உடனடியாகத் தபால் வாக்கு. தண்டனைக் கைதியின் வாக்கைப் பறிப்பதானால், வாக்குரிமைக்கு எதிரான குற்றத்துக்காக, தீர்ப்பின் வழியாக, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். ஏழை என்பதற்காக ஜாமீன் கிடைத்தும் உள்ளே கிடப்பவர்களின் விடுதலை.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சட்டம் படிப்பவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவோடு சேர்ந்து, ஜாமீன் உத்தரவு இருந்தும் வெளிவராதவர்களின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். எழுதுகிறவர்கள் அவர்களைப் பற்றி எழுதுங்கள். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு நம் தெருவுக்கு வருகிறவரிடம், சிறையில் இருக்கும் எங்கள் பிள்ளையின் வாக்கு எங்கே என்று கேளுங்கள்.

ஜெய் பீம்.