முளை கண்ட தினை

சங்கத் தினைப்புனத்தில் கிளி விரட்டப்படும் பறவை. தட்டை, குளிர், தழல் என்று அதற்கான கருவிகளையே குறிஞ்சிப்பாட்டு பேசுகிறது. நானோ பேராதனை வீட்டு விறாந்தையில் தினையை முளைக்கவைத்துக் கிளியை அழைக்கிறேன். மரபுக்கு மாறான காரியந்தான்!

நாம் 'லவ் பேட்ஸ்' என்று பிழையாகச் சொல்லும் பட்ஜரிகர்கள் இவை. 1840இல் ஜோன் கோல்ட் அவுஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்துக்கு உயிருடன் கொண்டுபோன இனம். மகாவலிக் கரை மரங்களில் கத்தித் திரியும் நம் கிளிகளுக்கு என் கூண்டில் இடமில்லை. அவற்றுக்கு வானம் இருக்கிறது.

நீர்பட்டு முளை எழும்போது விதையின் மாப்பொருள் சீனியாக மாறத் தொடங்கும். குஞ்சுக்கு ஊட்டும் தாய்க்கு அது மெத்தென்ற உணவு. இரவு ஊறவைத்து, காலையில் கழுவி, நீரை முற்றாக வடித்து அரிதட்டில் பரப்புவேன். நாளுக்கு மூன்று தரம் கழுவுவேன். வெண்முனை தலைகாட்டியதும் கொடுக்கலாம்.

ஆனால் பேராதனையின் ஈரக்காற்று பொல்லாதது. மழைநாளில் ஓர் இரவிலேயே பூஞ்சணம் பிடித்துவிடும். புளித்த வாடை வந்தாலோ, விரலில் வழுவழுத்தாலோ கழுவிப் பார்க்காதீர்கள், எறியுங்கள். சிறு பறவையின் உயிரை வாங்க அது போதும்.

விதைப்பதற்கென விற்கும் தானியமும் வேண்டாம். பங்கசு நாசினி பூசியிருப்பார்கள். சாயம் கண்ணுக்கே தெரியும். பலசரக்குக் கடைத் தினையோ பயறோ போதும். பத்து விதையில் எட்டாவது முளைக்காவிட்டால் சரக்குப் பழையது. ஊறியும் முளைக்காத விதைதான் முதலில் அழுகுகிறது.