அழாத பிள்ளை

இந்த அறக்கட்டளை எந்த ஆசிரியையின் நினைவாக நிறுவப்பட்டதோ, அவர் ஒன்றாம் வகுப்பில் எழுத்து ஏறாத பிள்ளைகளைத் தம் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டவர் என்று குடும்பத்தார் சொன்னார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளில் சிலருடைய பாடு, பள்ளிக்கூட வாசலை மிதிக்குமுன்பே, பிறந்த முதல் மாதத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. குழந்தை மருத்துவனாக அதைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்போம். நான் சொல்லப்போவது அழாத பிள்ளையின் கதை.

ஐந்து மாதப் பெண் குழந்தையோடு ஒரு பாட்டி வந்தார். "சளிதான் டாக்டர். மத்தபடி சமத்துப் பிள்ளை. அழவே அழாது, எழுப்பித்தான் பால் கொடுக்கணும்" என்றார். கையில் வாங்கினேன். தோல் குளிர்ந்து வறண்டிருந்தது. நாக்கு உதட்டுக்கு வெளியே நின்றது. தொப்புள் புடைத்திருந்தது. ரத்தம் எடுக்க ஊசி குத்தியபோது வந்த அழுகையும் தொண்டை கட்டியதுபோல் கரகரத்தது. தைராய்டு சுரப்பியே இல்லாமல் பிறந்தவள் என்று சோதனைகள் காட்டின.

இந்தக் குறை பிறந்த அன்று முகத்தில் தெரியாது. வயிற்றில் இருக்கும்வரை தாயின் ஹார்மோன் ஓரளவு பிள்ளையைக் காத்துவரும். தொப்புள்கொடி அறுந்ததும் அந்த வரவு நின்றுவிடும். மூளை விறுவிறுவென்று வளரும் காலம் அது. முதல் இரண்டு வாரத்துக்குள் தைராக்சின் மாத்திரை தொடங்கினால், பெரும்பாலான குழந்தைகள் மற்றவர்களைப் போலவே வளர்வார்கள். பொடித்து, கொஞ்சம் தாய்ப்பாலில் கரைத்து, பாலாடையில் புகட்டினால் போதும். நம் நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் பிறப்புக்கு ஒரு குழந்தைக்கு இது இருக்கிறது.

இது பெரும்பாலும் பரம்பரையாக வருவதன்று. ஆனால் இதைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனைத் தாள் ஒரு பரம்பரை நோய்க்காகப் பிறந்தது. நார்வேயில் போர்க்னி எகலாண்ட் என்ற தாய்க்கு இரண்டு பிள்ளைகள். இருவருக்கும் அறிவு வளரவில்லை. அவர்களிடம் ஒரு வாடை வீசுகிறது என்று மருத்துவர் மருத்துவராகச் சொல்லிப் பார்த்தார். 1934இல் ஆஸ்பியோர்ன் ஃபோலிங் காதுகொடுத்துக் கேட்டார். பிள்ளைகளின் சிறுநீரில் பெரிக் குளோரைடு விட்டதும் பச்சை நிறம் வந்தது. பினைல்கீட்டோன்யூரியா: புரதத்திலுள்ள பினைல்அலனின் மாற்றம் அடையாமல் தேங்கி மூளையைக் கெடுக்கும் நோய். அந்த இரு பிள்ளைகளுக்கும் காலம் கடந்திருந்தது.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் ராபர்ட் கத்ரிக்கும் வீட்டிலேயே காயம் இருந்தது. மகன் ஒருவனுக்கு மனவளர்ச்சிக் குறை. மனைவியின் சகோதரி மகளுக்கு இந்த நோயே இருந்தும் பதினைந்து மாதம்வரை தெரியவில்லை. கத்ரி, குழந்தையின் குதிகால் ரத்தத்தை வடிதாளில் உலர்த்தி, சிறு வட்டமாகத் துளைத்தெடுத்து, வளரவிடாமல் அடக்கிவைத்த பாக்டீரியாவின்மேல் வைத்தார். பினைல்அலனின் மிகுந்த வட்டத்தைச் சுற்றி மட்டும் பாக்டீரியா படர்ந்தது. 1963இல் மாசசூசெட்ஸ் மாநிலம் இந்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. பாக்டீரியாவைவிட அந்தத் தாள்தான் அவர் தந்த பெரிய கொடை என்பேன். ரத்தத்தைக் காயவைத்துத் தபாலில் அனுப்பலாம் என்று ஆனது. 1970களில் கியூபெக்கின் ழான் துசோ அதே தாளில் தைராய்டையும் பார்த்தார்.

ஒன்றை இடையில் சொல்லியாக வேண்டும். பினைல்கீட்டோன்யூரியா போன்ற நோய்க்குத் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு மரபணுவும் பழுதாக வரவேண்டும். "பொண்ணு வீட்டு வியாதி" என்று மருமகளை ஏசுவது பொய், கொடுமையும்கூட.

என்னிடம் வந்த அந்தக் குழந்தைக்கும் தாள் எடுத்திருந்தார்கள். பிரசவம் பார்த்த மருத்துவமனையில் மூன்றாம் நாள், முறைப்படி. முதல் நாளே எடுத்தால் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனின் அளவு இயல்பிலேயே ஏறியிருக்கும், அதனால்தான் காத்திருப்பது. குதிகாலின் ஓரத்தில் குத்தி, முதல் சொட்டைத் துடைத்து, அடுத்த சொட்டால் வட்டத்தை நிரப்பியிருந்தார்கள். முடிவும் எட்டாம் நாளே வந்துவிட்டது: மிக அதிகம். அப்பாவின் எண்ணுக்கு இரண்டு முறை அழைத்திருக்கிறார்கள். அவர் லாரியோடு வெளிமாநிலத்தில். கடிதம் கணவன் வீட்டுக்குப் போயிருக்கிறது. தலைப்பிரசவம் ஆயிற்றே, தாயும் பிள்ளையும் தாய்வீட்டில். ஐந்து மாதம் அந்தச் செய்தி ஒரு கோப்புக்குள் கிடந்தது.

அன்றே மாத்திரை தொடங்கினோம். இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஓடுகிறாள், பாடுகிறாள். கழித்தல் கணக்கில் கடன் வாங்குவதெல்லாம் இன்னும் பிடிபடவில்லை. அவள் அம்மா பக்கத்தில் புளியங்கொட்டைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அதற்குப் பிறகு, நான் வேலை பார்த்த வார்டில் தாள் எடுக்குமுன் செவிலியர் இரண்டு கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். பிள்ளையை எந்த ஊருக்குக் கொண்டுபோகிறீர்கள்? அங்கே போன் எடுப்பது யார்? அச்சடித்த அட்டையில் அதற்கு இடம் இல்லை. ஓரத்தில் பேனாவால் எழுதிக்கொண்டார்கள். பெரும்பாலும் பாட்டியின் எண்ணே முதலில் இருக்கும்.