‘யாரால்?’ என்று கேட்கப் பழகுவோம்

(நம் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“ரிட்டயர் ஆன பிறகு என்ன செய்கிறீர்கள் என்று பத்து நிமிடம் பேசுங்கள்” என்று செயலாளர் கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பத்துக்குப் போய், பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுக்கிறேன். நான் படித்தது பி.காம். பார்த்தது வங்கியில் குமாஸ்தா வேலை. ஆங்கிலப் பேராசிரியர் இல்லை. ஆனால் ஆங்கில இலக்கணத்தில் ஒரு பகுதி மட்டும் எனக்கு அத்துப்படி. வேலை பார்த்த காலம் முழுவதும் அதில்தான் கடிதம் தட்டினேன். அதன் பெயர் பாஸிவ் வாய்ஸ். தமிழில் செயப்பாட்டு வினை. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பயப்பட வேண்டாம், கடைசியில் பரீட்சை கிடையாது.

முதலில் ஒரு கதை. 1990களின் தொடக்கம். நான் வேலை பார்த்த கிளைக்கு ஏரிக்கரையிலிருந்து ஒரு மீனவர் வந்தார். படகு இன்ஜின் வாங்கக் கடன் கேட்டு மனு கொடுத்திருந்தார். அவருக்கு வந்த பதில் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “என்ன எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லுங்க சார்” என்றார். படிக்கவே தேவையில்லை. அதைத் தட்டச்சு செய்தவனே நான்தான். “இட் ஈஸ் ரெக்ரெட்டட் தட் யுவர் அப்ளிகேஷன் குட் நாட் பி கன்சிடர்டு.” அப்படியே தமிழில் சொன்னேன்: “உங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட முடியவில்லை என்று வருத்தம் தெரிவிக்கப்படுகிறது.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “வருத்தப்படறது யாரு சார்?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. “சரி, முடியாதுன்னு சொன்னது யாரு? பேரச் சொல்லுங்க, நான் போய் நேர்ல கேட்டுக்கிறேன்” என்றார். கடிதத்தில் பெயர் இல்லை. மேலாளருக்காக என்று போட்டு ஒரு கிறுக்கல் கையெழுத்து மட்டும் இருந்தது. “ஆபீஸ்ல முடிவு பண்ணியிருக்காங்க” என்றேன். அவர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மனு நின்றுபோன காரணம் எனக்குத் தெரியும். ஒரே ஒரு சான்றிதழ் இணைக்கப்படவில்லை, அவ்வளவுதான். கடிதத்தில் அதைச் சொல்ல இடம் இல்லை. நானும் வாய் திறந்து சொல்லவில்லை. பிறகு அவர் மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி இன்ஜின் போட்டார் என்று கேள்விப்பட்டேன். முன்பணம் வாங்கினால் பிடிக்கும் மீனை அந்த வியாபாரிக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். அந்தக் கட்டிலிருந்து அவர் எப்போது வெளியே வந்தார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது வகுப்புக்கு வருவோம். செயப்பாட்டு வினை என்று கரும்பலகையில் எழுதியதும் ஒரு சின்னப் பெண் எழுந்து, “என்ன பாட்டு சார்?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. பாட்டு இல்லையம்மா, பாடு; ‘படு’ என்பதிலிருந்து வந்தது என்றேன். உடனே பின்னாலிருந்து ஒரு பையன், “எங்க அப்பாவோட பாடு மாதிரியா?” என்றான்.

உங்களில் பலருக்கு அது புரியாது. பழவேற்காட்டில் பாடு என்பது மீன்பிடி முறை. ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்களைத் தலைக்கட்டுக் கணக்கில் குலுக்கல் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இன்றைக்கு எந்த இடத்தில் யார் வலை கட்டலாம் என்பது ஊருக்கே தெரியும். அரசாங்கச் சட்டம் இல்லை. அவர்களே தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் ஒழுங்கு. “உங்க பாட்டுல ஆள் பேர் எப்பவும் இருக்கும். இங்கிலீஷ் பாட்டுல ஆள் பேர் காணாமப் போயிடும். அதுதான் வித்தியாசம்” என்றேன்.

பாஸிவ் வாய்ஸ் எப்படி அமைகிறது? அவர்கள் வீட்டு வாக்கியம் ஒன்றையே எடுத்துக்கொண்டேன். “மை மதர் சோல்ட் த கிராப்ஸ்.” அம்மா நண்டுகளை விற்றார். இதைத் திருப்ப மூன்று படிகள். ஒன்று, நண்டுகளை முன்னால் கொண்டு வா. இரண்டு, காலத்துக்கு ஏற்ற ‘பி’ வினையைப் போட்டு, அதன் பின் வினைச்சொல்லின் மூன்றாம் வடிவத்தை வை. மூன்று, செய்த ஆளை ‘பை’ போட்டுக் கடைசியில் உட்கார வை. “த கிராப்ஸ் வேர் சோல்ட் பை மை மதர்.” நண்டுகள் அம்மாவால் விற்கப்பட்டன.

பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்கள் மூன்று. அம்மா ஒருவர்தானே என்று ‘வாஸ்’ போட்டுவிடுவார்கள். இப்போது முன்னால் நிற்பது நண்டுகள், கணக்கு அவற்றோடுதான். அடுத்து, எல்லா வினையையும் திருப்பப் பார்ப்பார்கள். வா, போ, தூங்கு, நீந்து ஆகியவற்றுக்குச் செயப்படுபொருள் கிடையாது; முன்னால் கொண்டுவர ஆள் இல்லை, ஆகவே பாஸிவும் இல்லை. மூன்றாவது, காலம். அதற்கு நான் சொல்லும் சூத்திரம்: ‘சோல்ட்’ கடைசி வரை அசையாது, முன்னால் இருப்பது மட்டும் மாறும். ஆர் சோல்ட், விற்கப்படுகின்றன. ஹாவ் பீன் சோல்ட், விற்கப்பட்டுவிட்டன. வில் பி சோல்ட், விற்கப்படும். நங்கூரம் ஒரே இடத்தில், படகுதான் திரும்புகிறது.

எனக்கு இது கணக்குப் புத்தகம் மாதிரிதான் தெரிகிறது. ஒரே பரிவர்த்தனை, கொடுத்தவர் பக்கத்திலிருந்து ஒரு பதிவு, வாங்கியவர் பக்கத்திலிருந்து ஒரு பதிவு. அம்மா விற்றார் என்றாலும் நண்டு விற்கப்பட்டது என்றாலும் நடந்தது ஒன்றே. ஆனால் ‘பை’ போட்ட பகுதியை வெட்டிவிட்டால்? இரட்டைப் பதிவில் ஒரு பக்கம் காலி. வங்கியில் அப்படி ஒரு வவுச்சர் வந்தால் நாங்கள் பாஸ் செய்ய மாட்டோம். வாக்கியத்தில் வந்தால் மட்டும் ஏன் தலையாட்டுகிறோம்?

பேச்சுத் தமிழில் ‘படு’ போட்டு நாம் அதிகம் பேசுவதில்லை. நமக்கு வேறு வழி இருக்கிறது. வலையைக் கிழித்தவன், “வலை கிழிஞ்சு போச்சு” என்பான். டம்ளரைப் போட்டு உடைத்த குழந்தை, “அதுவா உடைஞ்சிடுச்சு” என்கிறது. செய்யப்பட்ட பொருளையே செய்தது போலச் சொல்லும் வழக்கத்தைத் தொல்காப்பியரும் குறித்து வைத்திருக்கிறார். ஆகவே ஆளை மறைக்க நமக்கு வெள்ளைக்காரன் கற்றுத்தர வேண்டியதில்லை. பாஸிவைப் புரியவைக்க இந்த டம்ளர் ஒன்று போதும்.

இன்னொரு வேடிக்கை. “ஐ வாஸ் பார்ன்” என்பதும் பாஸிவ்தான். தமிழில் நான் பிறந்தேன். ஆங்கிலத்தில் நான் பெறப்பட்டேன். “அப்ப ‘பை’ எங்க சார்?” என்று கேட்டான் ஒருவன். “பை யுவர் மதர். எல்லாருக்கும் தெரியும்கிறதால எழுதறதில்லை” என்றேன்.

செய்தவரைச் சொல்லாமல் விடுவதற்கு நான்கு காரணங்கள் உண்டு என்று எழுதிப்போட்டேன். யாரென்று தெரியாதபோது: வலை திருடப்பட்டது. எல்லோருக்கும் தெரிந்திருக்கும்போது. முக்கியம் இல்லாதபோது: இங்கே மீன் விற்கப்படும். நான்காவது, சொல்ல விருப்பம் இல்லாதபோது. முதல் மூன்றும் இலக்கணம். நான்காவது சாமர்த்தியம்.

உதாரணங்களை அந்த ஊரிலிருந்தே எடுத்தோம். “கெல்டிரியா கோட்டை 1613ல் கட்டப்பட்டது.” யாரால்? டச்சுக்காரர்களால். அவர்கள் கல்லறைத் தோட்டம் அங்கே இன்றும் இருப்பதால் பிள்ளைகள் உடனே சொல்லிவிட்டார்கள். “17ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள்.” யாரால்? வகுப்பில் சத்தம் இல்லை. அதுவும் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியால்தான். ஆள் பிடித்துக் கொடுத்த உள்ளூர்த் தரகர்களாலும்தான். கோட்டை கட்டியவனின் பெயர் வாயில் நிற்கிறது, ஆளை விற்றவனின் பெயர் நிற்கவில்லை.

“1969ல் ஏவுதளத்துக்காக ஸ்ரீஹரிகோட்டா தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கே குடியிருந்தவர்கள் இடம் மாற்றப்பட்டார்கள்.” ஒரு பெண் கை தூக்கி, “எங்க ஆயா அங்கேர்ந்து வந்தவங்கதான் சார்” என்றாள். ராக்கெட் மேலே போகும்போது ஏரிக்கரையில் நின்று கைதட்டும் பெண்தான் அவள். அந்தப் பெருமை வேண்டும். இடம் மாற்றப்பட்ட ஆயாவும் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

அடுத்த வாரம் எல்லோரும் ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதி வரச் சொன்னேன். பொருள், முகத்துவாரம். ஏரியும் கடலும் சேரும் வாயை மணல் அடைத்துவிட்டால் படகு கடலுக்குப் போக முடியாது, மீன் குஞ்சும் இறால் குஞ்சும் ஏரிக்குள் வர முடியாது. அந்தக் குப்பங்களின் சாப்பாட்டுத் தட்டே அந்த வாயில்தான் இருக்கிறது. நோட்டுகளைத் திருத்தினேன். இலக்கணப் பிழை அதிகம் இல்லை. ஆனால் அத்தனை பேரும் “இட் ஷுட் பி ஓப்பன்ட்” என்றே முடித்திருந்தார்கள். திறக்கப்பட வேண்டும். “யாரால்?” என்றேன். மீன்வளத் துறை என்றான் ஒருவன், பொதுப்பணித் துறை என்றான் இன்னொருவன், கலெக்டர் என்றாள் ஒரு பெண். அரை மணி நேரம் சண்டை. “முதல்ல அதைக் கண்டுபிடிங்க. அதுதான் வீட்டுப்பாடம்” என்றேன். ஆள் பெயர் இல்லாத கோரிக்கைக்கு ஆள் பெயர் இல்லாத பதில்தான் வரும்.

இது அவர்களுக்கு மட்டும் சொன்ன பாடம் இல்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமக்கும்தான். அரசு அலுவலகம் எடுத்த முடிவால் பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்று அதன் 4ஆம் பிரிவு சொல்கிறது. தமிழிலேயே மனு போடலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். “நிராகரிக்கப்பட்டது” என்று கடிதம் வந்தால் மனம் உடைய வேண்டாம். யாரால், எந்தத் தேதியில், என்ன காரணத்தால் என்று மூன்று வரி எழுதுங்கள்.

நம் லிஃப்டில் இரண்டு வாரமாக ஒரு நோட்டீஸ் தொங்குகிறது: “லிஃப்ட் பழுதடைந்துள்ளது. விரைவில் சரிசெய்யப்படும்.” செயலாளர் என்னைப் பார்ப்பது தெரிகிறது. யாரால், எப்போது என்று அதன் கீழே பேனாவால் எழுதியது வேறு யாரும் இல்லை, நான்தான்.

அந்த மீனவரை அதன் பிறகு நான் பார்க்கவில்லை. அன்றைக்கு அவர் என்னிடம் இலக்கணக் கேள்விதான் கேட்டார். எனக்குப் பதில் தெரிந்திருந்தும் “பண்ணியிருக்காங்க” என்று சொல்லிவிட்டேன். அவருக்குச் சொல்லாததை இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நாளைக்கு அவர்களில் ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கடிதம் எழுதுவார். அப்போது அதில் காரணமும் பெயரும் இருந்தால் எனக்கு அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை என்னோடு வர விருப்பம் உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். கணக்கு சொல்லித்தர ஆள் தேவைப்படுகிறது. இல்லை, மன்னிக்கவும், எனக்கு ஆள் தேவை.