சொன்னவர் யார், சொன்னது என்ன?

(குடியரசு தின விழாவில் நம் குடியிருப்பு அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். பெரிய பேச்சாளன் இல்லை. ஓய்வுக்குப் பிறகு பல்கலைக்கழகங்களில் நடக்கும் பொது உரைகளைக் கேட்கப் போவது பழக்கமாகிவிட்டது. கட்டணம் கிடையாது, யாரும் போகலாம். அப்படிப் போகப் போய்த்தான், நூறு வருஷத்துக்கு முன் ஜப்பானில் நடந்த இரண்டு உரைகளைப் பற்றித் தேடிப் படித்தேன். அதை இன்று சொல்கிறேன்.

1916-ல் ரவீந்திரநாத் தாகூர் ஜப்பான் போனார். 1913-ல் நோபல் பரிசு வாங்கியவர். அதைப் பெற்ற முதல் ஆசியர். பிரமாதமான வரவேற்பு. 1905-ல் ரஷ்யாவையே போரில் வென்ற ஜப்பானை ஆசியாக்காரர்கள் பலரும் பெருமையாகப் பார்த்த காலம் அது.

டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்திலும், பிறகு கெயோ பல்கலைக்கழகத்திலும் தாகூர் பேசினார். ஜப்பானியரின் அழகுணர்ச்சியை மனதாரப் பாராட்டினார். அதோடு நிறுத்தியிருந்தால் கைதட்டல் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால், மேல்நாட்டு அறிவியலை எடுத்துக்கொள்ளுங்கள், பிற நாடுகளை விழுங்கும் தேசிய வெறியை எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றும் எச்சரித்தார். ஜப்பான் 1910-லேயே கொரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டிருந்தது. 1915-ல் சீனாவிடம் 21 கோரிக்கைகளை நீட்டியிருந்தது. அதனால் அந்தப் பேச்சு சுட்டது.

தோற்றுப்போன நாட்டின் கவிஞர் என்று அங்கே சிலர் அவரை எள்ளினார்கள். சொன்னது சரியா தப்பா என்று பார்க்கவில்லை. சொல்ல நீ யார் என்று பார்த்தார்கள்.

1937-ல் ஜப்பான் சீனாவோடு முழு அளவில் போரில் இறங்கியது. 1938-ல், கெயோவில் பேராசிரியராக இருந்த கவிஞர் யோனே நொகுச்சி அந்தப் போரை நியாயப்படுத்தித் தாகூருக்குக் கடிதம் எழுதினார். பழகிய மனிதர்தான். ஆனாலும் தாகூர் ஒத்துக்கொள்ளவில்லை. 1941-ல் தாகூர் காலமானார். 1945-ல் ஜப்பான் என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? போன வருஷப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் ஏன் லிஃப்டில் ஏறக்கூடாது என்று கேட்டார். நாம் என்ன பதில் சொன்னோம்? "நீங்க வாடகைக்கு இருக்கறவர், இது ஓனர்கள் பேசற இடம்." அவர் உட்கார்ந்துவிட்டார். முன்வரிசையில் இருந்த நானும் வாய் திறக்கவில்லை. இப்போது அவர் வீடு மாறிப் போய்விட்டார். விதி மட்டும் அப்படியே இருக்கிறது. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா முழங்கால் வலியோடு நாலு மாடி ஏறி வருகிறார்.

அந்த விதியை நீக்கச் சொல்லிச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அடுத்த பொதுக்குழுவில் வரும். எதிர்ப்பவர்கள் தாராளமாக எதிர்க்கலாம். ஆனால் இந்த முறை விஷயத்தைப் பேசுவோம். பேசுகிறவர் ஓனரா, வாடகைக்காரரா என்று பார்க்க வேண்டாம்.