சுவர் தரும் பாடம்

அல்ஹம்து லில்லாஹ்! எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீது உண்டாவதாக!



நமது வாலிகண்டபுரத்திற்கும் கடலுக்கும் இன்று வெகுதூரம். ஆயினும் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளின் பெரும்பரப்பில் கடல் அலையடித்தது. காரை ஓடைகளில் கிடைக்கும் கல்லாய்ச் சமைந்த சிப்பிகள் அதற்குச் சான்று. கல்லக்குடிச் சுண்ணாம்புப் பாறையில் பண்டைப் பவளங்களின் எச்சங்களும் உள்ளன. அச்சுண்ணாம்புக்கல்லே சிமெண்டாகி நம் வீட்டுச் சுவர்களாய் நிற்கிறது. நாம் உரிமை கொண்டாடும் சுவரின் மூலப்பொருள், என்றோ மடிந்த சிற்றுயிர்களின் ஓடுகளன்றோ!

இன்றைய கடலையும் சற்று நோக்குவோம். பவளப் பாறைகளை ஒட்டிய மணலில் குழாய்க் கடற்சாமந்தி என்றோர் உயிர் வாழ்கிறது. அதற்கு எலும்பில்லை, ஓடில்லை. தன் உடலிலிருந்து நுண்ணிய இழைகளை வெளியிட்டு, வழுவழுப்பான நீரையும் சேற்றையும் சேர்த்து, மணலுக்குள் குழாய் வீடொன்றை நெய்துகொள்கிறது. வெளிவட்ட நீள்கரங்களால் இரை பிடிக்கிறது. உள்வட்டக் குறுங்கரங்களால் அதை வாய்க்குள் செலுத்துகிறது. ஆபத்து நெருங்கினால் நொடியில் உள்ளே மறைகிறது. இக்கலையை அதற்குக் கற்பித்தவன் யார்? படைத்துப் பரிபாலிக்கும் ரப்புல் ஆலமீன் அன்றோ!

இன்னும் ஒரு விந்தை! அக்குழாயின் சுவரிலேயே சின்னஞ்சிறு புழுக்கள் குடியிருக்கின்றன. அவற்றுக்கும் அங்கே ரிஸ்க் உண்டு, பாதுகாப்பும் உண்டு.

அண்டைவீட்டார் தம் சுவரில் மரக்கட்டை பதிப்பதைத் தடுக்கலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதாக அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. நம் நிலை என்ன? ஒரு சாண் பொதுச்சுவருக்காக நீதிமன்றம் ஏறுகிறோம். ஒரே வாப்பாவின் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் ஸலாம் சொல்வதில்லை. ஒரே ஸஃப்பில் தோள் சேர்ந்து தொழுதுவிட்டு, வாசலில் முகம் திருப்பிச் செல்கிறோம். அறிவற்ற உயிரின் சுவரில் கிடைக்கும் இடம், ஈமான் கொண்டோரின் சுவரில் இல்லையா?

சகோதரர்களே! இன்று வீடு திரும்பும் முன், பேச்சற்றுப் போன அண்டைவீட்டாரின் கதவைத் தட்டுங்கள். முதலில் ஸலாம் சொல்பவரே மேலானவர். சுவர் ஒருநாள் மண்ணாகும். அதன் பொருட்டுச் செய்த அநீதிக்கான கேள்வி மறுமையில் காத்திருக்கும்.

அண்டையாரின் உரிமை பேணி வாழும் நற்பேற்றை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.