கூரை கேட்பது இரப்பன்று

(செஞ்சியை அடுத்த வல்லத்தில் ஆற்றப்பெற்ற உரை)

 

செஞ்சிக் கோட்டை 2025 சூலையில் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் ஏறியது. மகிழ்ச்சியே. ஆனால், கோட்டைக் கல்லுக்குக் காவல் உண்டு. அதன் அடிவாரத்துச் சிற்றூர்ப் பள்ளியின் கூரைக்குக் காவல் யார்?

ஒன்றுபட்ட விழுப்புர மாவட்டத்தின் மக்கள்தொகை 2001இல் 29 இலக்கத்து 60 ஆயிரம். 2011இல் 34 இலக்கத்து 58 ஆயிரம். ஆனால், அவ்வாண்டில் எழுத்தறிந்தோர் ஏறத்தாழ 72 விழுக்காட்டினரே. தமிழகம் முழுமைக்கும் 80. மக்கள் பெருகும் இடத்தில் வகுப்பறையும் பெருகவேண்டாவா?

கட்டினால் மட்டும் போதாது, பேணவும் வேண்டும். 2004 சூலை 16இல் குடந்தையில் ஓலைக்கூரை பற்றியெரிந்து 94 குழந்தைகள் மாண்டனர். 2021 திசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர் மூவர் உயிரிழந்தனர். பழுதைக் கண்டும் ஒத்திப்போடும் ஒவ்வொரு நாளும் பிள்ளைகளின் உயிரைப் பணயம் வைக்கும் நாளே.

1958இல் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியது. காமராசர் ஆட்சியில், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய அவ்வியக்கத்தில் ஊரார் கட்டடமும் இருக்கையும் கரும்பலகையும் தந்தனர். அது தமிழர்தம் பெருமை. ஆயினும் கொடையை அரசின் கடமைக்கு ஈடாக்கலாகாது. செல்வர் வாழும் ஊர் கொடுக்கும். கூலியுழவர் வாழும் ஊர் எதைக் கொடுக்கும்? மூன்றிலொரு பங்கை மக்கள் தந்தாலே பணி நடக்கும் என்றால், ஏழை ஊரின் பிள்ளை ஒழுகும் கூரையின்கீழ்த்தான் இருக்கவேண்டுமா? தீப்பெட்டி வாங்கும் ஏழையும் வரி செலுத்துகிறான். ஆகவே கூரை கேட்பது இரப்பன்று, உரிமை!

2022இல் தமிழக அரசு பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை அறிவித்தது. ஐந்தாண்டில் 7,000 கோடி உருபா என்றது. நடுவணரசோ, பி.எம். சிறீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையொப்பமிடவில்லை என்று காட்டி, 2024-25ஆம் ஆண்டுக்குரிய 2,152 கோடி உருபாவை நிறுத்திவைத்தது. நம் வரிப்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நம் கல்விக் கொள்கையை விலை கேட்பது எந்த நயன்மை?

இனிச் செய்யவேண்டுவது யாது? 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்; உறுப்பினருள் பாதிப்பேர் பெண்டிர். பள்ளி வளர்ச்சித் திட்டம் வகுப்பது அக்குழுவின் கடமை. அரசு பணம் ஒதுக்க அத்திட்டமே அடிப்படையாதல் வேண்டும் என்பதும் சட்டம். 2024 பெஞ்சல் புயலில் மயிலம் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கண்டதை இம்மாவட்டம் மறவாது. ஆதலின் ஒவ்வோராண்டும் மழைக்கு முன்பே குழுவினர் கூரைமேல் ஏறிப் பாருங்கள். எங்கே ஒழுகுகிறது, எந்தக் கம்பி துருவேறியது, எச்சுவர் வெடித்தது என்று எழுதுங்கள். ஊரவை கூட்டி முடிவெடுத்துப் பொறியாளரின் மதிப்பீட்டோடு ஒன்றியத்திற்கு அனுப்புங்கள். விடை வரும்வரை விடாதீர்கள்!

அரசர் கட்டிய கோட்டையில் இன்று அரசரில்லை. தமிழ்ப்பிள்ளை நாளை ஆள்வதற்கு உரியவன். அவன் அமரும் பள்ளியே நம் கோட்டை. அதைக் காப்போம்!

வாழ்க தமிழ்!