கல்லூரிக்கும் கோத்திரமா?
(ஓடைப்பட்டிக் கூட்டத்தில் பேசியது)



பி.காம்., பி.பி.ஏ. படிக்கப் போகும் பிள்ளைக்குச் சென்னை லயோலாவில் இடம் கிடைத்தால்தான் பிழைப்பு, 1956 முதல் பக்கத்திலேயே இருக்கிற உத்தமபாளையம் ஹௌதியா கல்லூரியில் சேர்ந்தால் போயிற்று என்கிறீர்கள். திராட்சை விளைவிக்கிற நீங்கள் பழத்தைத் தின்று பார்த்து மதிப்பீர்களா, பெட்டியில் ஒட்டிய சீட்டைப் பார்த்தா?

அமெரிக்காவில் டேல், குரூகர் என்ற இரு அறிஞர்கள் 2002இல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். பேர்போன கல்லூரியில் இடம் கிடைத்தும் வேறிடத்தில் படித்தவர்கள், பெரும்பாலும் அங்கே படித்தவர்களுக்குச் சமமாகவே சம்பாதித்தார்களாம். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் அந்தக் கல்லூரி வருமானத்தைக் கூட்டியதாம்!

ஏன்? யோசித்துப் பாருங்கள். பணக்காரன் பிள்ளைக்குச் சிபாரிசு செய்ய மாமன் உண்டு. நம் பிள்ளைக்குக் கல்லூரிதான் மாமன். பெரிய கம்பெனிக்காரன் ஆளெடுக்கப் போவதும் பெரும்பாலும் பட்டணத்துக் கல்லூரிக்கே.

ஆகவே இடம் கிடைத்தால் தயங்காமல் அனுப்புங்கள். கிடைக்காவிட்டால் தலையெழுத்து என்று உட்காராதீர்கள். பட்டயக் கணக்கர் பரீட்சையிலும் அரசாங்கத் தேர்வாணையப் பரீட்சையிலும் கல்லூரிப் பெயருக்கு மார்க்கு இல்லை.

ஆளைச் சோதிக்காமல் கல்லூரியைக் கேட்டு வேலை கொடுப்பது, கோத்திரம் கேட்டுப் பந்தியில் உட்கார வைப்பதற்கு எந்த விதத்தில் வேறு என்று கேட்கிறேன்.